மூன்றாவது பேரல்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

போன வாரம் எங்கள் வீட்டு மீன் குளத்தின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் போன் செய்தார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான். "சார், தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கே, வாரத்துக்கு எத்தனை தடவை கழுவுறீங்க?" கழுவுவதே இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை. என்னோடு ஒரே பள்ளியில் இருபது வருஷம் வேலை பார்த்த நண்பர் ஒருவர், "நீயா கழுவாம விடுவ? கரும்பலகையையே சோப்பு போட்டுக் கழுவினவனாச்சே!" என்று சிரித்தார். அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கழுவும் புத்தியால் என்ன நடந்தது என்பதை வீட்டுக்கு வெளியே நான் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

குளம் என் யோசனை இல்லை. மகனுடையது. 2020 ஊரடங்கில் சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். பகல் முழுக்கக் கம்ப்யூட்டர். சாயங்காலமானால் கொல்லையில் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கிவிடுவான். பத்தடி நீளம், ஆறடி அகலம், நாலடி ஆழம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6,800 லிட்டர். உள்ளே சிமெண்ட் பூசி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, ஒரு மாதம் தண்ணீர் விட்டு விட்டு வடித்தான். புது சிமெண்டின் காரம் போக வேண்டுமாம். "குழந்தைக்கு வெந்நீர் வெளாவுற மாதிரி பண்றான்" என்று என் மனைவி சொல்வாள்.

பிறகு கொய் மீன் பதினொன்று வந்தது. எல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். சென்னை கொளத்தூரிலிருந்து திருச்சி கடைக்கு வந்தவை. கொய் என்பது கெண்டை இனத்து மீன்தான். ஜப்பானில் நீகாட்டா மாகாணத்து மலைப்பகுதியில் நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்காக வளர்த்த கெண்டையில் தற்செயலாக நிறம் தட்டியதைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, 1914-இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சியில் வைத்த பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. நம் ஊர்க் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இங்கேயே குஞ்சு பொரித்தவை. எங்களுடையதும் அப்படித்தான். ஆனால் அதில் ஒன்று மட்டும் உடம்பெல்லாம் வெள்ளையாக, நெற்றியில் மட்டும் சிவப்பாக வட்டம் வைத்தது போல் இருந்தது. ஜப்பானியர் அதற்கு டாஞ்சோ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். என் மகன் வைத்த பெயர் பொட்டுக்காரி. அவன் கையிலிருந்தே உணவு வாங்கித் தின்னும்.

குளத்துக்குப் பக்கத்தில் மூன்று நீலப் பிளாஸ்டிக் பேரல்கள், ஒவ்வொன்றும் 200 லிட்டர். அதுதான் பில்டர். குளத்தின் அடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் முதல் பேரலுக்கு வரும். அதில் கழிவு அடியில் படியும், நின்றுபோகாமல் வருவதைப் பெரிய பிரஷ்கள் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் ஸ்பாஞ்சும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நைலான் நார் மாதிரியான பாய்களும். மூன்றாவதில் ஆயிரக்கணக்கான குட்டிப் பிளாஸ்டிக் சக்கரங்கள். கே1 என்று கடையில் சொல்வார்கள். அடியிலிருந்து ஏர் பம்ப் காற்று தள்ள, சோறு கொதிப்பது போல் அவை புரண்டுகொண்டே இருக்கும். அங்கிருந்து ஒரு சின்னத் தொட்டி, அதில் மோட்டார், அது தண்ணீரை மேலேற்றி அருவியாகக் குளத்தில் விடும்.

2022 ஆகஸ்டில் அவனுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. போவதற்கு முந்தின நாள் ஒரு தாளில் எழுதி மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒட்டினான். முதல் பேரல்: வாரம் ஒரு முறை அடிக்குழாயைத் திறந்து விடவும். இரண்டாவது பேரல்: மாதம் ஒரு முறை, பாதியை மட்டும், குளத்துத் தண்ணீரிலேயே அலசவும். மூன்றாவது பேரல்: தொட வேண்டாம். அந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான்.

நான் படித்தேன். படிக்காமல் விட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படித்துவிட்டு, 'சோம்பேறிப் பயல், கழுவ அலுத்துக்கொண்டு இப்படி எழுதி வைத்திருக்கிறான்' என்று நினைத்தேன்.

2023 போகி. பொங்கலுக்கு மைத்துனர் குடும்பம் வருகிறது. வீடு வெள்ளையடித்தாகிவிட்டது. பரணை ஒழித்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது கொல்லை. மூன்றாவது பேரல் மூடியைத் திறந்தேன். வாங்கும்போது தும்பைப்பூ மாதிரி இருந்த சக்கரங்கள் எல்லாம் காப்பிப்பொடி நிறத்தில் வழவழப்பாக இருந்தன. நாற்றம் இல்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். முதல் மழைக்கு மண் மணக்குமே, அந்த வாசம்தான் வந்தது. அன்றைக்கு என் மூக்கு அதைப் பொருட்படுத்தவில்லை. கண்ணுக்கு அழுக்கு, அவ்வளவுதான்.

ஏர் பம்பின் குழாயைக் குளத்தில் போட்டுவிட்டு, மோட்டாரை நிறுத்தி, மூன்று பேரலையும் காலி செய்தேன். சக்கரங்களைச் சாக்கில் கொட்டி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தேய்த்தேன். பாய்களையும் ஸ்பாஞ்சையும் துவைகல்லில் அடித்தேன். எல்லாவற்றையும் மாடியில் இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். குளத்தில் குறைந்த தண்ணீரையும் குழாயை நேராகப் போட்டு நிரப்பினேன். பொங்கலன்று எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி மோட்டாரைப் போட்டபோது தண்ணீர் கண்ணாடி. அடியில் விழுந்து கிடந்த ஐந்து ரூபாய்க் காசில் எண் தெரிந்தது. மைத்துனர் பார்த்துவிட்டு, "மச்சான் மச்சான்தான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் மூன்று நாளும் மீனுக்குக் கைநிறையத் தீவனம் போட்டார்கள். முறுக்கும் போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் மீன்கள் எல்லாம் அருவிக்கடியில் கூடி நின்றன. வாயை மேலே தூக்கித் தூக்கித் திறந்தன. பசி என்று நினைத்தேன். இன்னும் ஒரு கை போட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

ஒரு மீன் அன்று முழுக்க மூலையில், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. வால் ஓரத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் கோடுகள். 20-ஆம் தேதி காலையில் அது மிதந்தது. மறுநாள் இன்னொன்று. தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரியேதான் இருந்தது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் எதற்குச் சாகிறது?

உறையூர்ப் பக்கம் வண்ணமீன் கடை வைத்திருப்பவன் என் பழைய மாணவன். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. மகன் மீன் வாங்கியதும் அவனிடம்தான். போன் போட்டேன்.

"சார், பில்டரைக் கழுவினீங்களா?"

"ஆமாப்பா, நல்லா சுத்தமா."

"எந்தத் தண்ணில?"

"குழாய்த் தண்ணிலதான்."

"மூணு பேரலுமா?"

"மூணும்தான். வெயில்ல வேற காயவச்சேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நைட்ரஜன் சுழற்சி நீங்கதான் சார் எங்களுக்கு நடத்தினீங்க."

நண்பர்களே, ஆசிரியர் பயிற்சி முடித்து 1984-இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2018-இல் ஓய்வு. 34 வருஷம். அறிவியல் பாடத்தில் அந்தப் படத்தை எத்தனை முறை வண்ணச் சுண்ணாம்புக்கட்டியில் வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் அவரைச் செடி, மேலே மின்னல், கீழே மண்ணுக்குள் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர். அம்புக்குறி போட்டு, "அமோனியா நைட்ரைட்டாகிறது, நைட்ரைட் நைட்ரேட்டாகிறது" என்று ஒப்பிக்க வைத்திருக்கிறேன். ஒப்பிக்காதவனை வெளியே நிறுத்தியிருக்கிறேன். இவனையும் ஒரு முறை நிறுத்தியிருப்பேன் என்றே நினைக்கிறேன். அந்த அம்புக்குறி என் கொல்லையில் ஒரு நீலப் பேரலுக்குள் ராப்பகலாக நடந்துகொண்டிருந்தது. நான் அதைக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். மீன் செவுள் வழியாக ஓயாமல் அமோனியாவை வெளியே விடுகிறது. நாம் போடும் தீவனத்தில் உள்ள புரதம்தான் அப்படி ஆகிறது. 35 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 100 கிராம் போட்டால், அதில் ஏறக்குறைய 5.6 கிராம் நைட்ரஜன் இருக்கும். அதில் பெரும்பங்கு தண்ணீருக்குத்தான் வரும். அமோனியா மீனுக்கு விஷம். அதைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது ஒரு வகை பாக்டீரியா. நைட்ரைட்டும் விஷம். அதைத் தின்று நைட்ரேட் ஆக்குகிறது இன்னொரு வகை. நைட்ரேட் அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை, செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக்கள் கரிமப் பொருளைத் தின்னாமல், இப்படி அமோனியாவையும் நைட்ரைட்டையும் கொண்டே பிழைக்கின்றன என்று 1890 வாக்கில் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று நாம் நடத்தினோம். மீன் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது பிற்பாடு தெரிய வந்தது. பாடப்புத்தகத்தில் இருந்ததை நடத்தினேன், வேறென்ன.

இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். அதற்குத்தான் அந்தக் குட்டிச் சக்கரங்கள். 100 லிட்டர் அளவுச் சக்கரத்தில் ஒட்டுவதற்குக் கிடைக்கும் பரப்பு சுமார் 50 சதுர மீட்டர். எங்கள் வீட்டுக் கூடம், இரண்டு அறை, சமையலறை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு தரை வராது. நான் அழுக்கு என்று நினைத்த காப்பிப்பொடி நிறம் அவை குடியிருந்த வீடு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறார்கள். நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று அதற்குத் தெரியுமா? குளோரினில் தப்பியது ஏதாவது இருந்தால் மாடி வெயில் முடித்து வைத்திருக்கும்.

தெளிவான தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறம் கிடையாது.

அன்று சாயங்காலமே மாணவன் ஸ்கூட்டரில் வந்துவிட்டான். கையில் சோதனைக் குப்பிகள். தண்ணீரில் சொட்டு விட்டுக் குலுக்கினான். மஞ்சளாக இருந்தால் அமோனியா இல்லை. எங்கள் தண்ணீர் கரும்பச்சை. அட்டையோடு ஒப்பிட்டால் 4 பிபிஎம். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில். இதில் ஒரு நுணுக்கம் சொன்னான். அமோனியாவின் விஷம் தண்ணீரின் பிஎச் அளவைப் பொறுத்தது. பிஎச் 7-இலிருந்து 8 ஆனால் விஷம் ஏறக்குறைய பத்து மடங்கு. வெயிலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பகலில் பிஎச் ஏறும். அதனால் பிற்பகலிலும் சாயங்காலத்திலும்தான் ஆபத்து அதிகம். காலையில் சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

தீவனத்தை அடியோடு நிறுத்தச் சொன்னான். "பட்டினி கிடந்தா சாகாதா?" என்றேன். "சார், கொய் பட்டினியில சாகாது. போட்டுத்தான் சாகும்" என்றான். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றச் சொன்னான். அதற்குமுன் புதுத் தண்ணீரில் ஹைப்போ போட வேண்டும். ஹைப்போ என்றதும் எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறை நினைவுக்கு வந்தது. அதே சோடியம் தயோசல்பேட்தான். 1,000 லிட்டரில் 1 பிபிஎம் குளோரின் இருந்தால், அதை முறிக்க 7 கிராம் அளவு போதும். கொஞ்சம் கூடினாலும் மோசமில்லை.

கடைசியாக ஸ்கூட்டரிலிருந்து ஒரு வாளியை இறக்கினான். அவன் கடைத் தொட்டியில் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த பழைய பாய்கள், அதே தொட்டித் தண்ணீரில் நனைத்தபடியே. அவற்றை மூன்றாவது பேரலில் கட்டித் தொங்கவிட்டான். எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "தயிருக்கு உறை ஊத்துற மாதிரியா தம்பி?" என்றாள். "அதேதான்மா" என்றான். அடுத்து அவள் என் பக்கம் திரும்பி, "தயிர்ப் பானையை விம் போட்டுக் கழுவிட்டு, பால் ஏன் தோயலன்னு கேட்டிருக்கார்" என்றாள். 34 வருஷம் நான் நடத்தியதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

இனி நான் சொல்லக் கூச்சப்படும் பகுதி.

மகன் தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவான். அவனுக்கு அது காலை. எங்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அப்பா, குளத்தைக் காட்டுங்க" என்பான். முதல் மீன் செத்த அன்று, "லைட்டு போயிருக்குடா" என்றேன். மறுநாள் மழைத் தூறல் என்றேன். ஜனவரியில் திருச்சியில் என்ன மழை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். போனை அருவியைப் பார்த்தபடி வைத்துக்கொள்வது. தண்ணீர் விழுவது தெரியும், சத்தம் கேட்கும், மீன் தெரியாது. "பொட்டுக்காரி எங்கப்பா?" என்றால், "அடியில போயிடுச்சுடா, குளிரு" என்பேன். அப்போது அது உண்மையில் உயிரோடுதான் இருந்தது. நான்தான் காட்டவில்லை. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவனுக்குப் புரிந்துவிடும்.

பிப்ரவரி 3-ஆம் தேதி அமோனியா மஞ்சளுக்கு வந்துவிட்டது. பூஜ்யம். எழுந்து கை தட்டாத குறை. ஒன்பது மிச்சம், தப்பித்தோம் என்று தீவனம் போட ஆரம்பித்தேன். மாணவன் நைட்ரைட்டையும் பார்க்கச் சொல்லித் தனிக் குப்பி கொடுத்திருந்தான். அதை நான் திறக்கவே இல்லை. முதல் வகை பாக்டீரியா சீக்கிரம் பெருகும், இரண்டாவது வகை பின்தங்கி மெதுவாக வரும். நடுவில் நைட்ரைட் ஏறி உச்சிக்குப் போய்விட்டுத்தான் இறங்கும். கரும்பலகையில் இரண்டு அம்புக்குறி போட்டவன் ஒரு அம்புக்குறியோடு பரீட்சையை முடித்துவிட்டேன்.

நைட்ரைட் ரத்தத்தில் ஏறினால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும், நிறமே மாறிவிடும். 8-ஆம் தேதி மூன்றாவது மீன். 9-ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச்சோடு போனேன். பொட்டுக்காரி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கையில் எடுத்தபோது இன்னும் செவுள் லேசாக அசைந்தது. தூக்கிப் பார்த்தால் செவுள் சிவப்பாக இல்லை, பழுப்பு. அருவிக்கடியில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி எழுந்து வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் துண்டைப் போர்த்திவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகுதான் குப்பியைத் திறந்தேன். இளநீலமாக இருக்க வேண்டியது கத்தரிப்பூ நிறம். மாணவனைக் கேட்டுக் கல்லுப்பு வாங்கினேன். 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் ஏழு கிலோ, வாளியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே நுழையாமல் தடுக்கும். மளிகைக் கடையில் எப்போதும் கிடைக்கிற பொருள். ஒரு வாரம் முன்னால் போட்டிருந்தால் போதும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். மகன் என் பள்ளியில்தான் படித்தான். ஆறாம் வகுப்பில் கணக்கில் 38 மதிப்பெண் வாங்கியபோது, முன்னேற்ற அட்டையில் என் கையெழுத்தை அவனே போட்டுவிட்டான். ஆசிரியர் பிள்ளை என்றால் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கொள்கை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவனை நிறுத்தி, செய்ததை வாயால் சொல்ல வைத்தேன். இருபத்திரண்டு வருஷம். அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை.

10-ஆம் தேதி சாயங்காலம் போன் வந்தது. நான் குளத்தைக் காட்டாமல் என் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன்.

"டேய், நாலு மீன் செத்துப்போச்சுடா. பொட்டுக்காரியும் நேத்து போயிடுச்சு. நான்தான் காரணம். மூணாவது பேரலைக் கழுவிட்டேன்."

"தெரியும்பா" என்றான்.

"எப்படிடா?"

"மூணு வாரமா அருவியையே காட்டுறீங்களே. போன வாரம் நீங்க கட் பண்ண மறந்து போனைத் திண்ணையில வச்சிட்டீங்க. ஒம்பதுதான் இருந்துச்சு. ரெண்டு தடவை எண்ணினேன்."

"பின்ன ஏன்டா கேக்கல?"

"உங்களை அசெம்ப்ளில நிக்க வைக்க வேண்டாம்னு பார்த்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னைக்கு நான் பண்ணினது தப்புடா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பனி பெய்துகொண்டிருந்தது தெரிந்தது. பிறகு, "நைட்ரைட் இப்ப எவ்வளவுப்பா இருக்கு?" என்றான். சொன்னேன். "தினமும் காலைல பார்த்து எனக்கு வாட்ஸ்அப்ல எழுதுங்க. தீவனம் நான் சொல்ற வரைக்கும் வேணாம்" என்றான். சரி சார் என்று வாய் வரை வந்துவிட்டது.

மாத முடிவில் நைட்ரைட் இளநீலத்துக்கு வந்தது. ஏழு மீன் தப்பியது.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். மகன் ஒட்டிய தாளில் உள்ளதைத்தான் செய்கிறேன். வாராவாரம் முதல் பேரலின் அடிக்குழாயைத் திறந்துவிடுவேன். கறுப்பாக வரும் அந்தத் தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும். உப்புப் போட்ட நாட்களில் மட்டும் செடிக்கு விடக் கூடாது. இது தெரியாமல் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் கருக்கினேன், அது தனிக் கதை. இரண்டாவது பேரலின் பாய்களில் பாதியை, குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் லேசாக இரண்டு முக்கு. பிழியக் கூடாது, அடிக்கக் கூடாது. மறு பாதி அடுத்த மாதம். இவற்றைச் செய்யாமலே விட்டாலும் தப்பு. கழிவு அடைத்துக்கொண்டால் பாக்டீரியாவுக்குக் காற்று போகாது, அந்தக் கழிவே அழுகி மேலும் அமோனியா விடும். கழுவாதே என்றால் எதையுமே செய்யாதே என்று அர்த்தமில்லை. மூன்றாவது பேரலில் காற்று வருகிறதா, சக்கரம் புரள்கிறதா என்று பார்ப்பேன். மூடிவிடுவேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தப் பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்றச் சுண்ணாம்புக் கணக்கில் ஏழு கிராமுக்கு மேல் செலவு. போர் தண்ணீர் உள்ளவர்களுக்குக் கவலை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் மழைத் தண்ணீராகவே மாறும்போது பிஎச் சட்டென்று விழுந்துவிடும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். அதனால் ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் கட்டி இரண்டாவது பேரலில் போட்டு வைத்திருக்கிறேன். அது கரைந்து ஈடுகட்டும். அவசரத்துக்கு ஆப்ப சோடா.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். சிலது வேலை செய்யலாம். கடை அலமாரியில் எத்தனை மாதம் வெயில் தின்றது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் குளம் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு பாய் கடன் கேளுங்கள். அவர் மீன்களுக்கு நோய் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். திருச்சியில் இருப்பவர்கள் என்னிடமே கேட்கலாம். இதுவரை மூன்று பேருக்கு உறை கொடுத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு மைத்துனர் மறுபடி வந்தார். மூன்றாவது பேரலைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சான், இவ்வளவு அழுக்கா வச்சிருக்கீங்க?" என்றார். "அது அப்படித்தான் இருக்கணும்" என்று மூடியை வாங்கி மூடினேன்.

நாளைக்கு எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 மணியிலிருந்து. காற்று நின்றால் சில மணி நேரத்தில் பேரலுக்குள் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீரை அப்படியே குளத்துக்குள் தள்ளக் கூடாது, முதலில் வடித்துவிட வேண்டும். ஏர் பம்புக்கு ஒரு பேட்டரி வைத்திருக்கிறேன். அதைச் சார்ஜில் போட்டேனா இல்லையா என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது. போய்ப் பார்க்கிறேன்.